புல், பூ, கட்டை: வாசனைத் தைலத்தின் விலைச் சரித்திரம்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு மார்க்கமாகப் புறப்படுகிறவர், அமராவதி ஆற்றுப் பக்கத்துச் சமவெளியைக் கடந்து, சின்னாறு சோதனைச்சாவடியில் பெயரைப் பதிந்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் மறையூரை அடைகிறார். இன்றைய நிர்வாகக் கணக்கில் உடுமலை திருப்பூர் ஜில்லாவுக்கும், மறையூர் கேரளத்து இடுக்கி ஜில்லாவுக்கும் உரியவை. ஆனால் மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டு ஜனங்களுக்கோ, பேச்சும் உறவும் பண்டமாற்றும் நெடுங்காலமாகச் சமவெளியையே நோக்கியிருந்தன. அவர்களுக்குச் சந்தை என்றால் அது உடுமலைச் சந்தைதான். இந்த மலையில் வாசனைக்காகவே பெயர்பெற்ற சரக்குகள் இரண்டு விளைகின்றன. ஒன்று சந்தனக்கட்டை, மற்றொன்று தைலப்புல்.

வாசனை மெழுகுவத்தி வார்ப்பது வீட்டுத் தொழிலாகப் பரவிவரும் இந்நாளில், "ஒரு தைலம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்க, மற்றொன்று லட்சத்தைத் தொடுவானேன்?" என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. இதற்கு விடை தேடுகிறவர்கள் கடைக்காரரின் விலைப்பட்டியலைப் புரட்டுவதைவிட, இந்த மலைச்சரிவின் சரித்திரத்தைப் புரட்டினால் அதிகப் பிரயோஜனம் உண்டு.

முதலில் புல்லைப் பார்ப்போம். மலைவாசிகள் புல்தைலம் காய்ச்சுகிற கொட்டில் ஓடையோரத்தில்தான் இருக்கும். ஏனெனில் அடுப்புக்கு விறகு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் குளிர்ந்த நீரோட்டம். அறுத்த புல்லைச் சற்று வாடவிட்டு, பெரிய அண்டாவில் இறுக மிதித்து நிரப்பி, மூடியின் விளிம்பை ஆவி கசியாதபடி களிமண்ணால் பூசி, கீழே தீயை மூட்டுகிறார்கள். ஆவி குழாய் வழியே ஓடித் தண்ணீருக்குள் குளிர்ந்து, வாய் குறுகிய பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழும்போது, நீர் அடியில் தங்க, செம்மஞ்சள் நிறத் தைலம் மேலே மிதக்கிறது. அந்தக் கொட்டிலைத் தேடி வழி கேட்க வேண்டியதில்லை. எலுமிச்சைத் தோலைக் கசக்கினாற்போன்ற வாடை பர்லாங்கு தூரத்திலேயே எதிர்கொண்டு அழைக்கும். நூறு கிலோ பச்சைப்புல்லைக் காய்ச்சினால் கிடைப்பது அரைக் கிலோவுக்கு மிகாது. பெரும்பாலும் அதற்கும் குறைவே.

திருவிதாங்கூரிலும் மலபாரிலும் மலைச்சரிவுகளில் இவ்விதம் காய்ச்சப்பட்ட தைலம் கொச்சித் துறைமுகத்தில் கப்பலேறியதால், அந்நிய தேசத்து வியாபாரிகள் அதற்குக் "கொச்சித் தைலம்" என்று பெயரிட்டார்கள். காய்ச்சின மலைக்குக் கிட்டாத பெயர், கரையேற்றிய துறைமுகத்துக்குக் கிட்டிற்று. நாம் தைத்த சட்டையின் கழுத்தில் வேறு யாரோ பெயரைப் பொறித்து விற்பதைப் பார்த்துப் பழகிய திருப்பூர்வாசிகளுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இந்தப் புல்தைலத்தின் யோகம் 1893-ல் மாறியது. பெர்லினில் டீமான், க்ரூகர் என்ற இரு ரசாயனிகள், புல்தைலத்தின் பிரதான வஸ்துவாகிய சிட்ராலிலிருந்து, வயலட் பூவின் மணத்தையே ஒத்த அயனோன் என்ற திரவியத்தைச் செய்துகாட்டினார்கள். வயலட் பூவிலிருந்து நேராக எடுத்த வாசனை அதுவரை செல்வந்தர்களின் கைக்குட்டைக்கு மட்டுமே கட்டுப்படியாகும் பொருளாக இருந்தது. அதற்குப் பின்னரோ அதே மணம் சாமானியர் வாங்கும் சோப்பிலும் ஏறிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அயனோனிலிருந்து 'ஏ' வைட்டமினையும் செய்யலானார்கள். 1951-ல் கேரளத்து ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததற்கு, புல்தைலத்துக்கு அன்றிருந்த கிராக்கியே காரணம். ஆனால் ரசாயனம் எந்தக் கையால் கொடுத்ததோ அந்தக் கையாலேயே எடுத்துக்கொண்டது. பெட்ரோலிய வழியில் சிட்ராலையே செய்யும் வித்தை கைகூடியதும், புல்தைலத்தின் வியாபாரம் தளர்ந்தது.

சந்தனத்தின் கதை வேறு. மேற்குமலைச் சந்தனம் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியில் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அக்காலத்தில் மேல்கடற்கரையையும் காவிரிக்கரையையும் இணைத்த வழி, பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து நொய்யல் தீரத்துக் கொடுமணலைத் தொட்டுக் கருவூருக்குப் போன வழியே ஆகையால், இந்தப் பிரதேசத்துக்கும் சந்தன வர்த்தகத்துக்கும் உள்ள பரிச்சயம் புதிதன்று. 1792-ல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜவிருட்சமாகப் பிரகடனம் செய்தார். யார் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசாங்கத்துடையது என்ற அந்த ஏற்பாட்டைப் பின்வந்த அரசுகளும் நெடுங்காலம் கைவிடவில்லை. சந்தனக்காட்டுக்குப் பேர்போன கொள்ளேகால் தாலுகா 1956 வரையில் திருப்பூரை உள்ளடக்கியிருந்த அதே கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்பதை இன்று நினைப்பவர் சிலரே.

சந்தனக் கிடங்குகளில் கட்டைகளைத் தரம்பிரித்த முறையிலேயே சரித்திரம் ஒளிந்திருக்கிறது. முதல்தரக் கட்டைக்கு "விலாயத் புத்" என்றும், இரண்டாந்தரத்துக்குச் "சைனா புத்" என்றும் பெயர். சீமைக்குப் போவது இன்னது, சீனாவுக்குப் போவது இன்னது என்று வாங்குகிறவரைக் கொண்டே சரக்குக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வேர், சிராய், தூள் என்று பதினெட்டு வகை வரை தரம் இறங்கியது. மரத்தை வெட்டாமல் வேரோடு பெயர்த்தெடுப்பது வழக்கம். காரணம், தைலம் செறிந்திருப்பது வேரிலும் அடிமரத்திலுமே. மேலே சூழ்ந்த வெள்ளை மரத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் வைரத்தை மட்டுமே எடைபோடுவார்கள்.

முதல் மகாயுத்தத்துக்கு முன்னர் மைசூர்ச் சந்தனக்கட்டை பெரும்பாலும் ஜெர்மனிக்குச் சென்று அங்கேதான் தைலமாயிற்று. 1914-ல் யுத்தம் மூண்டு அந்த வழி அடைபட்டதும், கட்டைகள் கிடங்கில் தேங்கின. அந்தச் சங்கடமே அனுகூலமாக முடிந்தது. மைசூர் சமஸ்தானத்தின் தொழில் டைரக்டராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியாலும், பெங்களூர் விஞ்ஞானக் கழகத்து ரசாயனிகளான சட்பரோ, வாட்சன் ஆகியோரின் பரிசோதனைகளாலும், 1916-ல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டில் மைசூரிலும் தைல ஆலைகள் நிறுவப்பட்டன. அதுவரையில் கட்டையை விற்றுவந்த தேசம் அன்றுமுதல் தைலத்தை விற்கலாயிற்று. கச்சாப்பொருளுக்கும் செய்பொருளுக்கும் இடையே தங்கும் லாபம் யார் மடியில் விழவேண்டும் என்ற வழக்கு, பஞ்சு, நூல், பனியன் என்ற வரிசையில் திருப்பூர் பிற்பாடு கண்டுகொண்டதற்கு முன்னோடியாக, அங்கே தீர்ந்தது.

இனி விலைக்கு வருவோம். பொருள் எவ்வளவு குறைவாகத் தைலம் தருகிறதோ அவ்வளவு விலை ஏறும் என்பது பொதுவான அபிப்பிராயம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நூறு கிலோ புல்லில் அரைக் கிலோ கிடைப்பதே அரிதென்று கண்டோம். நூறு கிலோ நல்ல சந்தன வைரத்திலோ நான்கு முதல் ஆறு கிலோ வரை கிடைக்கும். புல்லைவிடப் பன்மடங்கு தாராளமாகத் தைலம் சுரக்கிற கட்டை, புல்லைவிட நூறு மடங்கு விலை பெறுவானேன்? புல் சில மாதங்களில் மறுபடி வளர்ந்து அரிவாளுக்கு நிற்கிறது. சந்தனமோ பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைச் செலுத்தி உணவைக் கடன்வாங்கிப் பிழைத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலானால்தான் பிரயோஜனப்படும்படி வைரம் பாய்கிறது. ஆக, சந்தனத் தைலத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காலத்துக்குக் கூலி. மிச்சம், அத்தனை காலம் திருடர் கைபடாமல் காத்ததற்குக் காவற்கூலி. மறையூர்க் காட்டில் மரங்களைச் சுற்றிக் கம்பிவலை போட்டிருப்பதைக் காண்கிறவர்களுக்கு இதை விளக்கவேண்டுவதில்லை.

மூன்றாவதாகப் பூவையும் சேர்த்துக்கொண்டால் கணக்குப் பூர்த்தியாகும். திருப்பூர்ப் பூக்கடைகளுக்கு மல்லிகை அனுப்பும் சத்தியமங்கலத்தில், முகூர்த்த நாட்களில் விலை உச்சியில் நிற்கும். வரத்து மிகுந்து விலை சரிந்தால் பூ வாசனைத்திரவிய ஆலைக்குப் போகும். மல்லிகை மென்மையானது, ஆவியில் வேகவைத்தால் அதன் மணம் கெட்டுப்போகும். ஆகவே ஹெக்ஸேனில் ஊறவைத்து, மெழுகு கலந்த கட்டியாக எடுத்து, பிறகு சாராயத்தால் அந்த மெழுகைப் பிரித்துச் சாரத்தை வடிக்கிறார்கள். ஒரு கிலோ சாரத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 1,000 கிலோ வரை பூ வேண்டும். அத்தனை பூவும் விடிவதற்குமுன் மொட்டு மொட்டாக விரலால் கிள்ளப்பட்டது. புல்தைலத்தில் நாம் விலைகொடுப்பது தீக்கும் விறகுக்கும், சந்தனத்தில் வருஷங்களுக்கு, மல்லிகையில் விரல்களுக்கு.

பூவிலிருந்து மெழுகை விலக்கி எடுத்த வாசனையை மறுபடியும் மெழுகில் கலப்பதுதான் வாசனை மெழுகுவத்தியின் தொழில். இங்கே விலை ஒன்று, மதிப்பு வேறொன்று என்பது வெளிப்படுகிறது. மெழுகின் எடையில் நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு தைலம் சேர்ப்பது வழக்கம். 200 கிராம் வத்திக்கு நூற்றுக்கு 8 என்று கொண்டால் 16 கிராம். சந்தனத் தைலம் கிலோ லட்ச ரூபாய்க்குக் குறையாது ஆகையால், ஒரு வத்திக்குத் தைலச் செலவே 1,600 ரூபாய். புல்தைலத்தைக் கிலோ 2,000 ரூபாய் என்று தாராளமாகவே மதிப்பிட்டாலும் செலவு 32 ரூபாய். சந்தன வத்தி ஐம்பது மடங்கு மணக்குமா? மணக்காது. திரியைச் சுற்றி உருகிநிற்கும் மெழுகுக் குளத்திலிருந்து எளிதில் ஆவியாகிறதே அறையை நிறைக்கும். புல்தைலம் இலேசானது, உடனே எழும்பும்; சந்தனமோ கனமானது, தோலின்மேலும் துணியின்மேலும் நாளெல்லாம் தங்குவதற்கென்றே பிறந்தது, தீக்கு அவசரப்பட்டு எழுந்துவராது. கல்யாண வாசலில் கும்பாவிலிருந்து எடுத்துப் புறங்கையில் தடவிய சந்தனம் மாலைவரை மணக்கிறதென்றால், அதன் சிரேஷ்டமே அந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

ஆகையால், டர்பன்டைனிலிருந்து தொடங்கி ரசாயனிகள் செய்திருக்கும் சந்தனச் சாயல் திரவியங்களை மெழுகுவத்திக்காரர் பயன்படுத்துவதில் குற்றம் காண்பதற்கில்லை. சில சமயம் அதுவே காரியத்துக்குப் பொருத்தமானது. அதைச் "சந்தனத் தைலம்" என்று எழுதி விற்பதுதான் குற்றம். நூல் வாங்கும்போது முப்பதா நாற்பதா, கார்டடா கோம்ப்டா என்று கேளாமல் ஒரு கோனையும் இறக்காத ஊர் திருப்பூர். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் சரக்கைச் செகண்ட்ஸ் என்று சொல்லியே விற்று, வாங்குகிறவரும் மனத்தாங்கல் இல்லாமல் வாங்கிப்போகிற ஊர் இது. அந்த நாணயத்தைத் தைலத்துக்கும் வைத்துக்கொண்டால் போதும். புட்டியைக் கையிலெடுக்கும்போது, இது காய்ச்சியதா, வடித்ததா, செய்ததா என்ற மூன்றையும் கேளுங்கள்; பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.