நுண்ணோக்கியும் இப்னுல் ஹைதமும்

நுண்ணோக்கியைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். கேட்கையில் உள்ளம் குளிரத்தான் செய்கிறது. ஆயினும் அது உண்மையன்று. ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965இல், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அப்பேரறிஞர் நுண்ணோக்கி எதையும் செய்தாரில்லை. செய்யாத ஒன்றைச் சொல்லி ஒருவரைப் புகழும்போது அவர் செய்த பெரும்பணி மறைந்துபோகிறது. இப்னுல் ஹைதமின் திறத்தில் நடந்திருப்பதும் அதுவே.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்தனர். ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் இப்னுல் ஹைதம் இதனை மறுத்தார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி நேர்கோட்டில் வந்து கண்ணை அடைகிறது என்றார். வாதத்தோடு அவர் நிற்கவில்லை. இருண்ட இடத்திற்குச் செல்லும் ஒரு துளைக்கு முன் விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே சுவரில், விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது; திரையை நீக்கினால் மீண்டும் தோன்றியது. அத்தனை ஒளியும் ஒரே துளையில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. விளக்கும் துளையும் சுவருமே போதுமான இச்சோதனையை நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று செய்து பார்க்கலாம்.

அந்நூலின் ஏழாம் பாகம் ஒளிவிலகலைப் பற்றியது. வளைந்த பரப்புடைய அடர்ந்த ஊடகத்தின் வழியே காணும் பொருள் பெரிதாகத் தோன்றுவதை அதில் அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பாரசீகத்தின் கமாலுத்தீன் ஃபாரிஸி அந்நூலுக்கு விரிவுரை எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லை விளக்கினார். உருப்பெருக்கும் கண்ணாடிக்கு இவ்வளவு அருகில் வந்த பின்னும், அதைச் சிறு பொருள் காணும் கருவியாக்கும் வேலை பிறர் கைக்குப் போயிற்று. அந்தக் கைகளுக்கும் இப்னுல் ஹைதமின் நூல் சென்று சேர்ந்தது. இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியரிடையே பயின்றுவந்த அது, 1572இல் பாசல் நகரில் அச்சேறிற்று.

1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் அவருடைய நுண்ணோக்கியின் படம் இருக்கிறது. அருகே ஓர் எண்ணெய் விளக்கு. விளக்குக்கு முன் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம். விளக்கொளியைத் திரட்டிப் பொருளின்மேல் குவிக்க அவருக்கு அக்கோளம் தேவைப்பட்டது. ஃபாரிஸியின் கோளத்தை ஹூக் அறிந்திருந்தார் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. எனினும் அப்படத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு ஃபாரிஸியின் நினைவே வருகிறது.

டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹுக், அக்காலத்து இரட்டை வில்லைக் கருவிகள் நிறக்கரையும் மங்கலும் காட்டியதால், ஒற்றைச் சிறு வில்லையையே நம்பினார். எஞ்சியுள்ள அவருடைய கருவிகளுள் ஒன்று சுமார் 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. நீரில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றி அவர் 1676இல் எழுதிய கடிதத்தை லண்டன் ராயல் சொசைட்டியார் எளிதில் நம்பவில்லை. மறு ஆண்டு ஹூக்கே அவ்வுயிர்களைக் காட்டிய பின்தான் நம்பினர். தாம் காணும் முறைகளுள் சிறந்த ஒன்றை லீவன்ஹுக் எவருக்கும் சொல்லாமலே 1723இல் மறைந்தார். அது ஒளியை அமைக்கும் முறையாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

இன்றும் நுண்ணோக்கியில் பிழை நேர்வது பெரும்பாலும் ஒளியில்தான். ஆய்வுக்கூடத்தில் மாணவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய பெருக்கத்திற்குத் தாவுகிறார். ஒன்றும் தெரியாமற்போகவே, கருவியைக் குறை கூறுகிறார். முதலில் மிகக் குறைந்த பெருக்கமுடைய பொருளருகு வில்லையால் இடத்தைக் கண்டறிய வேண்டும். வில்லை கண்ணாடித் தகட்டை முட்டாமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே தட்டை உயர்த்தி, பிறகு கண்ணை வைத்துத் தட்டை மெல்ல இறக்கிக்கொண்டே தெளிவு காண வேண்டும். கீழேயுள்ள ஒளிக்குவிப்பியையும் ஒளிவாயிலையும் மறத்தலாகாது. வாயிலைக் குறுக்கினால் உருவம் அழுத்தமாகத் தெரியும். ஆனால் நுண்விவரம் அழிந்துவிடும். முழுதும் திறந்தால் எல்லாம் வெளுத்துப்போகும். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைக் கைப்பழக்கமே கற்பிக்கும்.

பெருக்கத்திற்கும் தெளிவிற்கும் உள்ள வேற்றுமையை 1873இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் அபே கணக்கிட்டு நிறுவினார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் நெருங்கிய இரு புள்ளிகளை எவ்வளவு நல்ல வில்லையும் ஒன்றாகவே காட்டும். பச்சை ஒளியில் அவ்வெல்லை ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. ஆகவே சுமார் 1400 மடங்குக்கு மேல் பெருக்கினால் மங்கலே பெரிதாகும். பாக்டீரியா தெரிவதும் பெரும்பாலான வைரஸ்கள் தெரியாததும் இதனாலேயே. ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு இவ்வெல்லையைக் கடந்த மூவருக்கு 2014இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, அது தனிக்கதை.

நூறு மடங்கு வில்லையைப் பயன்படுத்துகையில் அதற்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே ஒரு துளி எண்ணெய் விடுகிறோம். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் புகும் ஒளி வெளிப்புறம் வளைந்து வில்லைக்குள் சேராமற்போகும். எண்ணெயின் விலகல் தன்மை ஏறத்தாழக் கண்ணாடியினுடையதே ஆதலால் ஒளி வளையாமல் வில்லையினுள் செல்கிறது. ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குப் போகும் ஒளி எவ்வாறு வளைகிறது என்பதே ‘கிதாபுல் மனாழிரி’ன் ஏழாம் பாகம் நெடுகப் பேசும் பொருள்.