நின்றது நாடி, நிற்கவில்லை இதயம்

தியானம் கவனத்தைக் கூர்மையாக்கும், மனத்தை அடக்கப் பழக்கும் என்று இன்று பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கத் தொடங்கிய வரலாறு அத்தனை பழையதல்ல. தொடக்கத்தில் கவனத்தைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. யோகியால் தன் இதயத்தை நிறுத்த முடியுமா? எல்லோருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

லோனாவ்லாவில் 1924-ல் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், நௌலி, உட்டியாணம் என்ற வயிற்றுத் தசைப் பயிற்சிகளைச் செய்யும்போது வயிற்றுக்குள் நடப்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர். அதே ஆண்டு ‘யோக மீமாம்சா’ என்ற ஆய்விதழையும் தொடங்கினார். பதினோரு ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் பிராஸ் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய இசிஜி கருவியுடன் இந்தியா வந்தார். அவர் பரிசோதித்தவர்களில் ஒருவர் அப்போது மைசூரில் இருந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார். பி.கே.எஸ். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குரு அவர். அந்த இசிஜி தாளில் கோடுகள் ஏறக்குறைய படுத்துவிட்டன. யோகி நினைத்தால் இதயம் அடங்கும் என்ற பேச்சுக்கு ஒரு சான்று கிடைத்ததுபோல் ஆயிற்று.

1957-ல் அமெரிக்காவிலிருந்து எம்.ஏ. வெங்கர், பி.கே. பாக்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கருவிகளைச் சுமந்துகொண்டு இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த கிருஷ்ணமாச்சாரியாரையும் சந்தித்தார்கள். அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் உடலியல் பேராசிரியர் பி.கே. ஆனந்துடன் சேர்ந்து அவர்கள் 1961-ல் வெளியிட்ட முடிவு ஒளிவுமறைவில்லாதது. மூச்சை அடக்கி, நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி தட்டுப்படாமல் போகிறது. ஸ்டெதாஸ்கோப்பிலும் ஒலி மங்குகிறது. ஆனால் இசிஜியில் துடிப்பு தொடர்ந்து பதிவாகிக்கொண்டே இருந்தது. இதயம் நிற்கவில்லை.

இந்த முடிவால் யோகத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. அற்புதத்தைத் தேடும் வேலை ஓய்ந்த பிறகுதான் உருப்படியான கேள்வி கிடைத்தது: தியானத்தில் மனம் என்ன ஆகிறது? யோக மரபே முதன்மையாகப் பேசுவது பிரத்தியாகாரம், தாரணை, தியானம் ஆகியவற்றைத்தான். புலன்களை உள்ளிழுப்பது, மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, அதை நீட்டிப்பது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த வரிசையில்தான் போகிறார். நாடி நிற்பது அந்த வழியில் வரும் சில்லறைச் செய்தி.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களும் டெல்லிக்காரர்களே. ஆனந்த், சின்னா, பால்தேவ் சிங் மூவரும் 1961-ல் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில் ஆல்ஃபா அலைகள் ஓடும். சட்டென்று ஒரு வெளிச்சமோ ஓசையோ வந்தால் அவை கலைந்துவிடும். சமாதியில் அமர்ந்த நான்கு யோகிகளுக்கு அவை கலையவில்லை. வேறு இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர்நீரில் கையை முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக வைத்திருந்தார்கள். ஆல்ஃபா அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தன்னடக்கம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு வரைபடம் அதற்கு முன் கிடைத்ததில்லை.

1966-ல் டோக்கியோவிலிருந்து நேர்மாறான சேதி வந்தது. ஜென் துறவிகளை ஆராய்ந்த கசமாட்சுவும் ஹிராயும் ஒரே ‘டிக்’ ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். சாதாரண ஆட்களுக்குச் சில முறையிலேயே ஒலி பழகிவிட்டது. தேர்ந்த துறவிகளின் மூளையோ ஒவ்வொரு ஒலியையும் முதல் ஒலிபோலவே ஏற்றது. யோகி உலகை வெளியே நிறுத்துகிறார், ஜென் துறவி உள்ளே விடுகிறார் என்று பலரும் அழகாகப் பிரித்து எழுதினார்கள். பாடநூல்களும் அதை எடுத்துக்கொண்டன. 1981-ல் பெக்கரும் ஷாபிரோவும் ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் பழகியவர்களையும் பழகாதவர்களையும் ஒன்றாக வைத்துச் சோதித்தபோது அந்த வேறுபாடு தென்படவே இல்லை. நான்கு பேரை வைத்துக்கொண்டு ஒரு மரபையே வரையறுத்தால் இப்படித்தான் ஆகும்.

அதன் பிறகு ஆய்வு, யோகிகளையும் துறவிகளையும் விட்டுச் சாதாரண மனிதர்களிடம் வந்தது. இந்த வரலாற்றில் மிகவும் மதிக்க வேண்டிய திருப்பம் இதுதான். புதுச்சேரி ஜிப்மரில் மதன்மோகன் குழு, 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகப் பயிற்சி கொடுத்து 1992-ல் முடிவை வெளியிட்டது. விளக்கு எரிந்ததும் அல்லது ஓசை கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஆகும் நேரம், நொடியில் ஒரு சிறு பின்னம்தான் என்றாலும், பயிற்சிக்குப் பின் தெளிவாகக் குறைந்திருந்தது. 2001-ல் பெங்களூரில் மஞ்சுநாத்தும் ஷெர்லி டெல்லஸும் 10 முதல் 13 வயதுள்ள 20 சிறுமிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு மாதம் யோகம், மற்றதற்கு உடற்பயிற்சி. கையில் எடுப்பதற்கு முன் பல அடிகளை யோசித்து வண்ணப் பந்துகளை இடம் மாற்றும் ‘லண்டன் கோபுரம்’ சோதனை வைத்தார்கள். அவசரப்பட்டால் கெட்டுவிடும் விளையாட்டு அது. யோகக் குழு திட்டமிடும் நேரமும் செய்து முடிக்கும் நேரமும் குறைந்தன. உடற்பயிற்சிக் குழுவில் மாற்றமில்லை.

2013-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் நேஹா கோதே குழு 30 மாணவிகளைச் சோதித்தது. இருபது நிமிட ஹத யோகத்துக்குப் பின், டிரெட்மில்லில் ஓடிய பிறகு செய்ததைவிட, கவனச் சிதறலைத் தள்ளிவைக்கும் சோதனையை அவர்கள் விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். அந்த இருபது நிமிடத்தில் ஆசனமும் மூச்சும் தியானமும் கலந்தே இருந்தன. எது எவ்வளவு வேலை செய்தது என்று அந்தச் சோதனையை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அதற்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்பித்து, பெரிய குழுக்களில், மாதக்கணக்கில் அளக்க வேண்டும்.