ஈழத்திற் கிறித்தவப் போதனையும் சைவர் மறுப்பும்

சமயம் மனிதன் உள்ளத்தோடு ஒன்றிய பொருள். தான் மெய்யெனக் கண்டதைப் பிறர்க்கு உரைக்க விழைதல் ஒருவனுக்கு இயல்பாயின், கேட்பவன் அதனை ஏலாது மறுத்தலும் அத்துணை இயல்பே. இவ்விரண்டும் எதிர்ப்பட்ட காலத்து நிகழ்ந்தவற்றை ஈழநாட்டு வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

குறிஞ்சாக்கேணியிலே ஆறுமுக நாவலர் வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், இஸ்லாமிய மாணவன் ஒருவன் எழுந்து இரண்டு வினாக்கள் கேட்டான். தாம் நம்பாத வேதத்தை மொழிபெயர்க்க நாவலர் ஏன் உடன்பட்டார்? நம்பாத ஒருவரைப் பாதிரியார் ஏன் அவ்வேலைக்கு வைத்துக்கொண்டார்? நாவலர் அக்காலத்து மிஷன் பாடசாலை ஆசிரியராயிருந்தார். தலைவர் இட்ட பணியைச் செய்தார் என்று விடை கூறினேன். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது. அக்குறையை நிரப்பும் முயற்சியே இக்கட்டுரை.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அதனையடுத்துத் திருகோணமலையிலே கோணேசர் ஆலயமும் அழிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குப் பயன்பட்டன. படைவலியோடு வந்த போதனைக்கு மக்கள் வாதத்தால் விடை கூற இயலவில்லை. திருவுருவங்களை நிலத்திற் புதைத்தும் கிணற்றில் இட்டும் காத்தனர்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பெற்ற ஒல்லாந்தர் வேறு வழியை மேற்கொண்டனர். அவர்கள் கோயிற்பற்றுத்தோறும் பாடசாலை அமைத்து, வரவு தவறியோரிடம் தண்டப்பணம் பெற்றனர். ஞானஸ்நானம் பெற்றவர்க்கே உத்தியோகமும் விவாகப் பதிவும் கைகூடின. எனவே, சனங்கள் தோம்பிலே கிறித்தவராகவும் வீட்டிலே சைவராகவும் வாழத் தலைப்பட்டனர். விரதங் காத்து உண்ட வாழையிலையைக் கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் என்று யாழ்ப்பாணத்து முதியோர் வழிவழிக் கூறுவர். 1796இல் ஆங்கிலேயர் வரவால் அக்கட்டு நெகிழ்ந்ததும் அவருட் பெரும்பாலார் வெளிப்படையாகவே கோயில்களுக்குத் திரும்பினர். ஒன்றரை நூற்றாண்டு அரசாணை ஈட்டியது பெயர்ப் பட்டியல் ஒன்றே.

அதே ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கரும் ஒடுக்கப்பட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் 1687இல் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் புகுந்து மறைவாகத் தொண்டாற்றினார். பின்பு கண்டி சென்றபோது ஒற்றரென ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். ஆயினும் 1697இல் அந்நகரிற் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைச் சமயபேதம் பாராது பேணினார். அதுகண்ட பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்க்கு ஆதரவளித்தான். படைவலியும் அரசாணையும் துணையில்லாத ஒருவர்க்கு மாற்றுச் சமயத்தவர் செவிசாய்த்தமை இங்குக் கருதத்தக்கது.

ஆங்கிலேயர் காலத்திலே போதனை வாதத்தின் வடிவம் பெற்றது. 1814இல் வெஸ்லியன் மிஷனரிமாரும், 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டை செமினறியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. செமினறித் தலைவர் தானியேல் பூவர் பாதிரியார் வானநூலையே போதனைக்குக் கருவியாக்கினார். 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் கணித்ததும் மேனாட்டு முறையிற் கணித்ததும் முடிவுநேரத்திலும் மறைவின் அளவிலும் வேறுபட்டன. அவர் அவ்வேறுபாட்டை முன்னரே அறிவித்து, கிரகணத்தன்று தம் கணக்கே சரியென மெய்ப்பித்தார். சனங்கள் கணிதத்தை ஏற்றனர். கணிதத்தைத் தொடர்ந்து சமயமும் ஏற்கப்படும் என்ற எதிர்பார்ப்போ பெரும்பாலும் நிறைவேறவில்லை. கற்றோர் போதகராகாது உத்தியோகம் நாடுகின்றனர் என்ற குறைபாட்டுடன் 1855இல் செமினறி மூடப்பட்டது. அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்னர்ச் சைவராகிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்.

இனி நாவலரிடம் வருவோம். 1822இல் நல்லூரிற் பிறந்த அவர் வெஸ்லியன் பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியரானார். அதன் தலைவர் பேதுரு பேர்சிவல் பாதிரியார் 1842இல் தமிழ்ப் பழமொழித் தொகுப்பொன்றை வெளியிட்டவர். தாம் போதிக்கும் வேதம் நல்ல தமிழில் இல்லாவிடின் கற்றோர் அதனைச் செவிமடுக்கமாட்டார் என அவர் உணர்ந்தார். எனவே, தம் மதத்தவரல்லாத ஒருவரின் தமிழை நாடினார். நாவலரோ வேதத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்து திருத்தினார். அப்பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1847 டிசம்பர் 31இல், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கமும் தொடங்கினார். மறு ஆண்டில் மிஷன் பாடசாலையை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

அவர் கைக்கொண்ட பாடசாலை, அச்சுயந்திரம், வசனநடை, பிரசங்கம் ஆகிய யாவும் மிஷனரிமார் முன்னரே கையாண்டவை. 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலிலே, எருசலேம் ஆலயத்துக் கிரியைகளை வேதத்தினின்றே எடுத்துக்காட்டி, அவற்றைப் போற்றுவோர் சைவாலயக் கிரியைகளை இகழ்தல் முறையோ என வினவினார். வேதத்தை மொழிபெயர்ப்புக்காக நுணுகிக் கற்ற கல்வியே அவ்வினாவுக்கு வலிமை தந்தது.

ஆயினும், சைவர் மறுப்பு முழுவதும் தூய சமயப் பற்றினின்றே எழுந்ததெனக் கூறுதல் நேர்மையாகாது. மிஷன் பாடசாலையிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாயிருந்து கற்பதை உயர்சாதியினர் பலர் வெறுத்தனர். நாவலரும் சாதியாசாரத்தை விட்டவரல்லர். ஒடுக்கப்பட்டோர்க்குப் பாதிரிமாரின் அழைப்பு எழுத்தறிவின் வாயிலாகவும் அமைந்தது. மிஷனரிமாரின் துண்டுப்பிரசுரங்களும் இகழ்ச்சிமொழியின்றி இருந்தனவல்ல. இரு பாலார் குறைகளையும் ஒருங்கே கூறுதல் சரித்திர ஆசிரியன் கடன்.

வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தினார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர் நடையுடையில் ஐரோப்பியராதலை அவர் விரும்பவில்லை. அவரும் போதகரே, எனினும் அவர்தம் தமிழ்த் தொண்டைச் சைவரும் இன்றுவரை போற்றுகின்றனர்.

கீழ் மாகாணத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலானந்தர் மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகளிற் கற்றவர். பிற்காலத்தில் இராமகிருஷ்ண மிஷன் துறவியாகித் திருகோணமலை இந்துக் கல்லூரியையும் வளர்த்தார். அவர் தமக்குக் கல்வி தந்தோரை இகழ்ந்தாரல்லர். அவர்தம் சமயத்தைத் தழுவினாருமல்லர்.

மதமாற்றம் பற்றிய பூசல் இன்னும் ஓயவில்லை. 2004இல் பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலமொன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர்நீதிமன்றம் கூறியது. பலவந்தம் எது, போதனை எது என வரையறுத்தல் எளிதன்று. மறுப்பவன் மறுத்தபின்பும் தன் நிலத்தையும் உத்தியோகத்தையும் மதிப்பையும் இழவாதிருக்கின்றானா என்று பார்ப்பதே ஏற்ற அளவுகோல் என்பது என் துணிபு. ஒல்லாந்தர் தோம்பு அவ்வளவுகோலிற் தவறியது. பேர்சிவலும் நாவலரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சொல்லுக்கு வாதிட்ட காலம் அதிற் தேறியது.

அம்மாணவனுக்கு இன்று நான் கூறும் விடை இது. பாதிரியார்க்குத் தம் வேதத்தின்மேல் நம்பிக்கை இருந்தது. ஆகவே நம்பாதவர் கையிற் கொடுக்க அஞ்சவில்லை. நாவலர்க்குத் தம் சைவத்தின்மேல் நம்பிக்கை இருந்தது. ஆகவே பிறர் வேதத்தைக் கற்க அஞ்சவில்லை. ஒரே வகுப்பிலே பல சமயப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் இந்நாட்டிலே, ஆசிரியராகிய நாம் அவ்விருவரிடமிருந்தும் கற்கவேண்டிய பாடம் அவ்வச்சமின்மையே.