சைலன்சர் விற்ற கடைகள்
செல்லூரில் மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சர் வாங்கச் சென்றால் கடைக்காரர் உங்களிடம் உரிமம் கேட்பதில்லை. துப்பாக்கிச் சைலன்சரும் ஒரு காலத்தில் அப்படித்தான் விற்றது!

அமெரிக்கரான ஹிராம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்ற இக்கருவியை அங்கே அஞ்சலிலும், ஆணி விற்கும் இரும்புக் கடையிலும் வாங்கலாம். குழலிலிருந்து சீறிவரும் வாயுவைச் சிற்றறைகளில் சுழலவிட்டு வேகம் தணிப்பதே அதன் வேலை. (ஒலியை விஞ்சிப் பறக்கும் குண்டின் ஓசையை அதனால் அடக்க முடியாது; சினிமாக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை.)

1934-இல் சட்டம் வந்தது. கருவி ஒன்றுக்கு 200 டாலர் வரி. விற்பவருக்கு ஆண்டுதோறும் இன்னொரு 200. பெரிய வணிகர் சமாளிக்கலாம். ஆணிக் கடைக்காரர் என்ன செய்வார்? கருவிமீதான வரி 2026-இல் நீங்கியது, பதிவு நீங்கவில்லை.

நமது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, வெடியோசையைக் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது.