அடுப்படியை விட்டுவிட்டுக் கப்பலேறிய கொடி

1876-ல் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி பிலடெல்பியாவில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஜப்பான் வைத்த தோட்டத்தில் இருந்த கொடிதான் குட்ஸு. மும்மூன்றாக அகன்ற இலைகள், திராட்சை மணக்கும் ஊதாப் பூங்கொத்து. திண்ணைக்கு நிழல் தருமே என்று தென்மாநிலத்தார் வாங்கி நட்டார்கள்.

ஜப்பானில் அது வெறும் நிழற்கொடி அல்ல. நாரா மாநிலத்து யோஷினோ பகுதியில் குளிர்காலம் வந்தால் மலையேறி அதன் கிழங்கைத் தோண்டுவார்கள். இலை உதிர்ந்த பின்புதான் மாவுச்சத்து வேரில் இறங்கித் தங்கும். ஆளுயரம் போகும் அந்த வேரை இடித்து, குளிர்ந்த நீரில் கரைத்து, நாரை வடித்துத் தெளியவிடுவார்கள். மேலே நிற்கும் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கரைப்பார்கள். வெள்ளை வெளேரென்று ஆகும்வரை விடமாட்டார்கள். நம் கூவைக்கிழங்கு மாவு எடுக்கும் அதே வேலைதான், பொறுமை மட்டும் இன்னும் கூடுதலாக வேண்டும். பிறகு வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தல். அந்த மாவில் கண்ணாடிபோன்ற நூடுல்ஸ் செய்து கருப்புச் சர்க்கரைப் பாகில் தோய்த்து உண்பார்கள். சளி பிடித்தவருக்கு அதுவே சூடான கஞ்சி.

இந்தக் கைவேலை எதுவும் கொடியோடு கப்பலேறவில்லை. புளோரிடாவின் சிப்லி ஊரில் நாற்றுப்பண்ணை நடத்திய சார்லஸ், லில்லி பிளீஸ் தம்பதி, ஆடுமாடுகள் இதை விரும்பித் தின்பதைப் பார்த்து, தீவனப்பயிராகத் தபாலில் விற்றார்கள். அடுத்து அரசாங்கம் வந்தது. பருத்தி தின்று தீர்த்த செம்மண் மழையில் கரைந்தோடிய 1930-களில், மண்வளப் பாதுகாப்புத் துறை கோடிக்கணக்கில் நாற்றுகளைத் தந்தது. நட்டவருக்கு ஏக்கருக்கு எட்டு டாலர் வரை கிடைத்தது. அவரை இனம் என்பதால் நிலத்துக்குத் தழைச்சத்தும் சேரும். ஜார்ஜியாவில் சானிங் கோப் என்பவர் வானொலியிலும் பத்திரிகையிலும் இதன் புகழ்பாடி, குட்ஸுவுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்!

வெப்பமும் மழையும் நீண்ட கோடையும் கூடிய அந்தத் தென்மாநிலங்களில், கொடி நாளுக்கு ஓர் அடி வளர்ந்தது. மரம், மின்கம்பம், பாழ்வீடு எல்லாவற்றையும் போர்த்தியது. 1953-ல் அரசாங்கம் இதைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1970-ல் களை என்றது. வெயில் விரும்பி என்பதால் சாலையோரத்தில்தான் அதிகம் தெரியும். காரில் போகிறவர் கண்ணில் அது உள்ளதைவிடப் பெரிதாகிவிட்டது என்பது என் எண்ணம்.

இன்று அங்கே சிலர் இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கிறார்கள், இலையை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள், பூவில் ஜெல்லி செய்கிறார்கள். தின்றே ஒழித்துவிடலாம் என்ற பேச்சும் உண்டு. தளிரையும் பூவையும் பறித்தால் கொடிக்கு ஒன்றும் ஆகாது. உயிர் கிழங்கில் இருக்கிறது. கிழங்கைத் தோண்டி மாவெடுக்கும் கூலிக்குச் சோளமாவு மூட்டை மூட்டையாக வாங்கலாம். போதாததற்கு, சாலையோரக் கொடியில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அதைப் பறித்துத் தின்பது ஆபத்து. டென்னசியின் சட்டனூகா நகரம் வேறு வழி தேடியது: மலைச்சரிவில் மண்டியதைத் தின்ன 2006-ல் ஆடுகளை ஓட்டிவிட்டது. ஆடுகள் தின்றன. ஆனால் கிழங்கு சாகும்வரை ஆண்டுதோறும் மேய்க்க வேண்டும்.