இசட் டிரைவின் கதை

சேலத்தில் நான் படிக்கும் கல்லூரி ஆய்வகத்தில் எந்தக் கணினியைத் திறந்தாலும் 'இசட்' என்றொரு டிரைவ் தெரியும். அது அந்தக் கணினிக்குள் இல்லை. அடுத்த அறையில் ஓடும் லினக்ஸ் வழங்கியின் வன்தட்டு அது. மேட்டூர் அணை எங்கோ இருக்கிறது. தண்ணீர் கால்வாய் வழியாக நாமக்கல் மாவட்ட வயல்களுக்கு வந்துவிடுகிறது. அது போலத்தான் இதுவும். சரி, இந்தக் கால்வாயை வெட்டியது யார்?

கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையை 1980களில் உருவாக்கியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பாரி ஃபைகன்பாம். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. யூனிக்ஸ் பக்கம் சன் நிறுவனத்தின் என்.எஃப்.எஸ். இருந்தது. இரண்டும் வேறு வேறு மொழிகள்.

1991 டிசம்பர். கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆராய்ச்சி மாணவர். அவருடைய டாஸ் கணினியால் டிஜிட்டல் நிறுவன வழங்கியின் வன்தட்டைப் பார்க்க முடிந்தது. சன் வழங்கியின் வன்தட்டும் அப்படித் தெரிய வேண்டும் என்று விரும்பினார். நெறிமுறை விவரம் கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கம்பியில் போகும் தரவுப் பொதிகளை ஒட்டுக்கேட்க ஒரு நிரல் எழுதினார். பக்கத்து வீட்டுத் தெலுங்கைக் கேட்டுக் கேட்டே நம்மூர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதில்லையா, அப்படி! 1992 ஜனவரியில் தன் நிரலை எல்லோருக்கும் வெளியிட்டார். அது பேசியது எஸ்.எம்.பி. மொழி என்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெயரிலும் ஒரு சிக்கல். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறி. எஸ், எம், பி எழுத்துகள் வரிசையாக வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடினார். 'சாம்பா' கிடைத்தது.

அதன்பின் பல ஆண்டுகள் ஒட்டுக்கேட்டே காலம் ஓடியது. மைக்ரோசாஃப்ட் முழு விவரம் தரவில்லை. 2004ல் ஐரோப்பிய ஆணையம் அந்நிறுவனத்துக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, விவரங்களைத் தரவும் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்தில் ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைத்தன.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினி பழுதானால் நாங்கள் பதறுவதில்லை. அடுத்ததில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். புத்தகம் கிடைக்காவிட்டால் என்ன, காதால் கேட்டே கற்கலாம் என்று நம்மைப் போன்ற ஒரு மாணவர் துணிந்ததால் வந்த வசதி இது.