வலிக்காகவும் ஸ்தோத்திரம்



போன மாதம் ஒரு நாள் மாலை, கடைத்தெருவுக்குப் போய்விட்டு வீடு திரும்பினேன். "என்னங்க, தரையெல்லாம் ரத்தம்!" என்று என் மனைவி கத்தியபோதுதான் குனிந்து பார்த்தேன். செருப்பில் கிளம்பியிருந்த ஒரு சிறிய ஆணி இடது பாதத்தில் ஏறியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. இருபது வருடச் சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. புண்ணைக் கட்டிய டாக்டர், "சார், இனிமேல் எம்.சி.ஆர். செருப்புதான்" என்றார்.

ஊரே ஷூ தைக்கும் ஆம்பூரில் வாழ்ந்துகொண்டு, அந்தச் செருப்பின் கதையை அன்றுதான் யோசித்தேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில், மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1929-இல் தகப்பனார் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் படித்த மகன், 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன விரல்களைக் கண்டார். தொழுநோய் சதையை அரித்துவிடும் என்று உலகம் நம்பிய காலம் அது. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, அதனால்தான் சூடான பாத்திரத்தைப் பிடித்தும் ஆணிமேல் நடந்தும் கைகால்கள் தேய்கின்றன என்று அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். உணர்ச்சியற்ற பாதங்களுக்காக, ஆணியே அடிக்காத மெத்தென்ற ரப்பர் செருப்புகள் வேலூரிலும், காட்பாடிக்கு அருகே கரிகிரியிலும் உருவாயின. வலி கடவுளின் கொடை என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

அவரோடு பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டபோது அதை நடத்தியவரும் அவர்தான். மீந்திருந்த கைகளை மற்றவர் கைகளுக்காகச் செலவழித்தார்.

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரும் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் கால்கள் திரும்பவில்லையே! பிறந்த மண்ணுக்குத் திரும்பி வந்த பிராண்டும், அறுவை அரங்குக்குத் திரும்பி வந்த மேரி வர்கீசும் அந்தச் சமாரியனின் வழியில் நடந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் மகன் வேலை, மகள் கல்யாணம், புது வீடு என்று நாம் எழுதுகிறோம். நானும் நாற்பது வருடமாக அப்படித்தான் எழுதினேன். இந்த அறுப்பின் பண்டிகைக்கு, "வலது காலில் இன்னும் வலி இருக்கிறது, ஸ்தோத்திரம்" என்று எழுதப் போகிறேன். போதகர் சத்தமாக வாசித்தால் சபை சிரிக்கும், சிரிக்கட்டும்.

ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் என் பிள்ளைகளே, உள்ளே எதுவும் குத்துகிறதா என்று விரல்விட்டுத் தடவிப் பார்க்கிறீர்களே, அந்த விரலுக்கு நான் கடன்பட்டவன். சர்க்கரை உள்ளவர்கள் இன்றிரவு படுக்கும்முன் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.